இருபது வருஷம் பரணில் கிடந்த ஏர்கன்: தோல் வாஷர் யாராவது கையால் போட்டிருக்கிறீர்களா?

குடியாத்தம்காரன்:

எங்கள் நைனா 1984-ல் வாங்கிய ஏர்கன் ஒன்று வீட்டில் இருக்கிறது. பேரலை மடக்கி லோடு பண்ணும் ரகம், 0.177 அங்குல போர் (குழலின் உள் விட்டம்). ஜெர்மன் டயானாவைப் பார்த்து நம் நாட்டில் யாரோ அடித்த நகல். கம்பெனி பெயர் வெட்டியிருந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது. நைனா இருந்தவரை தீபாவளிக்கு மறுநாள் அதை எடுத்துத் துடைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் காலி தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, எங்களை ஒவ்வொருவராகச் சுடச் சொல்வார். குடியாத்தத்தில் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம். 2003-ல் அவர் போனார், துப்பாக்கி பரணேறியது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே வந்தது. இளவேனில் வாலறிவன் சுடுவதை டி.வி.யில் பார்த்ததிலிருந்து என் மகளுக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் மேல் ஒரு கண். "தாத்தா துப்பாக்கியில் முதலில் பழகறேம்ப்பா" என்றாள். சரி என்று ஒரு பெல்லட் போட்டுச் சுட்டேன். அது பேரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. குச்சியால் தள்ளித்தான் எடுத்தேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. காய்ந்து போயிருக்கும், எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நினைத்து, காற்று வரும் ஓட்டைக்குள் தையல் மெஷின் எண்ணெயை நாலைந்து சொட்டு விட்டேன். அடுத்த முறை சுட்டபோது டமார் என்று ஒரு சத்தம், பேரல் நுனியில் நீலமாகப் புகை. எதிர்வீட்டு அக்கா வெளியே ஓடி வந்துவிட்டார். நான் என்னவோ துப்பாக்கிக்கு உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நாலாவது ஷாட்டில் பழையபடி 'புஸ்'. முன்பைவிட மோசம்.

அப்புறம் பிரித்தேன். கட்டையைக் கழற்றி, பின்பக்கம் குறுக்கே போகும் பின்னை ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டினேன். பின் வெளியே வந்த அதே நொடியில் உள்ளே இருந்த ஸ்பிரிங், பின்பக்க அடைப்பையும் தள்ளிக்கொண்டு பறந்தது. ட்யூப்லைட் போச்சு. என் காதுக்கும் அதற்கும் ஒரு சாண் கூட இருந்திருக்காது.

பிஸ்டன் முனையில் இருந்த வாஷர் தோல் என்றே முதலில் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி கறுத்து, விளிம்பெல்லாம் விரிசல் விட்டு, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நம்ம ஊர் வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் மேல் இருபது வருஷம் இருந்தால் மனுஷனே அப்படித்தான் ஆவான்.

வேலூரில் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இதையெல்லாம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நைனாவோடு சின்ன வயதில் போயிருக்கிறேன். தேடிப் போனால் அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சென்னையில் ஒரு கடையில் கேட்டேன். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் வராது சார், புதுசா வாங்கிக்குங்க" என்று, துப்பாக்கியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்கள்.

புதிதாக வாங்க முடியாமல் இல்லை. இதுதான் வேண்டும். தோல் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு தோல் வாஷருக்கு அலைகிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். எந்தத் தோல், எவ்வளவு கனம், அந்தப் பிசாசு ஸ்பிரிங்கை எப்படித் திரும்ப உள்ளே அடைப்பது? கையால் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டை அகழி:

வேலூரில் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கி, டமார், புகை என்று எழுதுகிறீர்களே. 1806 சிப்பாய்ப் புரட்சியை மறந்துவிட்டீர்களா? ஜூலை 10 வருவதற்குள் முடித்துவிடுங்கள் அண்ணா.

---

லேத்து தாத்தா:

தம்பி, முதலில் குலசாமிக்கு ஒரு தேங்காய் உடை. ட்யூப்லைட்டோடு போனது.

நான் இராணிப்பேட்டையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். என்னிடமும் இதே ஜாதித் துப்பாக்கி ஒன்று 1979-லிருந்து இருக்கிறது. வாஷரை மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறேன், எல்லாம் கையால் செய்ததுதான்.

அந்த டமார் உயிர் வந்த சத்தம் இல்லை, உயிர் போன சத்தம். ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று நசுங்கிச் சூடாகும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் ப்ளக் இல்லாமலே எப்படிப் பற்றுகிறது? அதே கதைதான். நீ விட்ட தையல் மெஷின் எண்ணெய் உள்ளே பற்றி வெடித்தது. அந்த வெடிப்பு பிஸ்டனைப் பின்னால் உதைக்கும், ஸ்பிரிங்கை வளைக்கும், ஏற்கெனவே செத்த வாஷரைப் பொடியாக்கும். இனிமேல் காற்று அறைக்குள் மெஷின் ஆயில், த்ரீ-இன்-ஒன், வண்டி ஆயில் எதுவும் போகக் கூடாது. ஸ்பிரிங்கை ஒரு சமதரையில் உருட்டிப் பார். நேராக உருண்டால் பிழைத்தது. நொண்டினால் வேறு தேடு.

வாஷருக்கு வருகிறேன். உங்கள் தெருவில் அடிபம்பு இருந்திருக்கும். அது தண்ணீர் இழுக்காமல் போனால் மெக்கானிக் வந்து உள்ளே ஒரு தோல் பக்கெட் வாஷர் மாற்றுவார், பார்த்திருப்பாய். பழைய சைக்கிள் பம்பிலும் அதே. இதுவும் அதன் தம்பிதான், கிண்ணம் மாதிரி இருக்கும். கிண்ணத்தின் வாய் முன்பக்கம், அதாவது காற்று நசுங்கும் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏற ஏற உதடு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டும். திருப்பிப் போட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். முதல் தடவை நான் திருப்பித்தான் போட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

குழாயின் உள் விட்டத்தை வெர்னியர் வைத்து அள. 25 மி.மீ. என்று வைத்துக்கொள். தோல் 3 மி.மீ. கனம். லேத்துக் கடையில் இரண்டு துண்டு கடைந்து வாங்கு: 25 மி.மீ. ஓட்டை உள்ள ஒரு வளையம், 19 மி.மீ. விட்டத்தில் ஒரு கட்டை. இரண்டு பக்கமும் தோல் கனம் 3, 3 கழித்தால் 19, அவ்வளவுதான் கணக்கு. தோலை 40 மி.மீ. வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போடு. குமிழி விடுவது நின்றால் ஊறிவிட்டது என்று அர்த்தம். வளையத்தின் மேல் வைத்து, கட்டையை நடுவில் நிறுத்தி, வைஸில் மெதுவாக நெருக்கு. ஒரே மூச்சில் நெருக்கினால் மடிப்பு விழும். கொஞ்சம் நெருக்கு, ஒரு டீ குடி, இன்னும் கொஞ்சம் நெருக்கு. அப்படியே இரண்டு நாள் நிழலில் காயட்டும். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதே.

காய்ந்ததும் கட்டையை எடுக்காமலே உதட்டைப் புது பிளேடால் ஒரே மட்டமாக நறுக்கு. நடுவில் திருகுக்கு ஓட்டை போடு. பிறகு ஒரு ராத்திரி நீட்ஸ்ஃபுட் ஆயிலில் மூழ்க வை. மாட்டுக் காலெலும்பிலிருந்து எடுப்பது அது, தோல் பொருள் விற்கும் கடைகளில் கேள். காலையில் எடுத்துத் துணியால் நன்றாகப் பிழிந்து துடை. சொட்டச் சொட்டப் போட்டால் மறுபடி டமார்தான். முதல் பத்து ஷாட் லேசாகப் புகை வரும், பரவாயில்லை.

மாட்டும்போது ஒரு இடத்தில் எல்லோரும் கோட்டை விடுவார்கள். குழாயின் அடியில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், பேரலை மடக்கும்போது கம்பி ஓடும் வழி. அதன் ஓரம் பிளேடு மாதிரி. புது வாஷர் அதைத் தாண்டும்போது ஒரு சிராய் எடுத்துவிடும், இரண்டு நாள் வேலை அரை நொடியில் வீண். முதலில் அந்த ஓரங்களை எமரிப் பேப்பரால் மழுக்கு. பிறகு பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுருட்டி உள்ளே விட்டு, அதன் மேல் வாஷரை வழுக்கிக் கொண்டு போ. போனதும் பிலிமை உருவிவிடு. காற்று ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைக் கையால் தள்ளிப் பார். தலையணையைத் தள்ளுவது போலத் திருப்பித் தள்ள வேண்டும். அந்த உணர்வு வந்துவிட்டால் ஜெயித்தாய்.

ஸ்பிரிங் அடைக்க தச்சர்கள் பலகை ஒட்டும்போது இறுக்கும் நீளக் கிளாம்ப் வேண்டும். ஒரு நாளைக்கு இரவல் வாங்கு. ஒரு முனை பேரல் பக்கம், நடுவில் துணி. மறுமுனை பின்பக்க அடைப்பின் மேல், நடுவில் ஒரு மரத்துண்டு. திருகத் திருக அடைப்பு உள்ளே போகும், பின் நுழையும் ஓட்டை நேருக்கு நேர் வந்ததும் பின்னைத் தட்டு. கழற்றும்போதும் இதே வழிதான் என்பதை உன் ட்யூப்லைட் சொல்லியிருக்கும். முகத்தை அந்த நேர்கோட்டில் வைக்காதே. டயானா 27 மாதிரி குண்டு ட்ரிகர் என்றால் உள்ளே மூன்று குட்டி இரும்புக் குண்டுகள் இருக்கும். அவற்றைக் கிரீஸ் தடவி இடத்தில் ஒட்டவைத்த பிறகுதான் மூட வேண்டும். தரையில் ஓடினால் தேடித் தேடி ஓய்ந்துபோவாய்.

கடைசியாக, மகள் சுடப்போகிறாள் என்பதால். பேரலை மடக்கி வைத்திருக்கும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது, பெல்லட் போடும்போதும் சரி. உள்ளே கொக்கி வழுக்கினால் பேரல் சாட்டை மாதிரி மேலே அடிக்கும். விரல் போகும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கவும் விடாதே. எதிர்க் காற்று இல்லாமல் பிஸ்டன் போய் இரும்பில் மோதும், வாஷர் நசுங்கிவிடும்.

---

தோல்மண்டி பேர்ணாம்பட்டு:

தாத்தா எல்லாம் சொல்லிவிட்டார், தோலைப் பற்றி மட்டும் நான். இன்று இந்தப் பக்கம் ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை எங்கே போனாலும் பெரும்பாலும் குரோம் பதனிட்ட தோல்தான் கிடைக்கும். மிருதுவாக, அழகாக இருக்கும், ஷூ மேல்பாகத்துக்கு ராஜா. ஆனால் கிண்ணமாக அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது, மறுபடி தட்டையாகிவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தார்கள், இப்போது வாட்டில் மரத்தின் பட்டைச் சாறு. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். விளிம்பை பிளேடால் சீவினால் உள்ளே நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். வெல்லப்பாகு நிறம் கடைசி வரை இருந்தால் பட்டைத் தோல். சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்கைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு அப்பளமாகிவிடும், குரோம் அசையாமல் கிடக்கும். தாத்தா வெதுவெதுப்பு என்று சொன்னதன் காரணமும் இதுதான். சீக்கிரம் ஊறட்டும் என்று அடுப்பில் கொதித்த தண்ணீரை ஊற்றினால் வாஷர் அங்கேயே சமையல்.

துண்டு முதுகுப் பக்கத்தில் வெட்டியதாக இருக்கட்டும். வயிற்றுத் தோல் விலை குறைவு, ஆனால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகும். ஒரு கை அகலத் துண்டு போதும். அதற்குக் காசு வாங்குகிறவன் எங்கள் ஆள் இல்லை.

---

அமிர்தி அடிவாரம்:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தாத்தாவிடம் காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது, வாய்வழியாக மருந்து இடிக்கும் ரகம். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டும் நிப்பிள் தேய்ந்து கிடக்கிறது. லேத்து தாத்தா அளவு சொன்னால் நானே கடைந்து போட்டுக்கொள்வேன்.

---

லேத்து தாத்தா:

சொல்ல மாட்டேன். மருந்து போடும் துப்பாக்கியில் நான் கை வைத்ததே இல்லை, வேலையில் இருந்தபோது எத்தனையோ பேர் சாராயமும் பணமுமாக வந்து கேட்டும். காற்றுத் துப்பாக்கியில் தப்பு செய்தால் ட்யூப்லைட் போகும். அதில் தப்பு செய்தால் முகம் போகும். வக்கீல் தம்பி யாராவது இருந்தால் மீதியைச் சொல்லட்டும்.

---

சத்துவாச்சாரி கோர்ட்:

அமிர்தி நண்பரே, நிப்பிளை மறந்துவிடுங்கள். உங்கள் பிரச்சினை அதைவிடப் பெரியது. லைசென்ஸ் தாத்தா பெயரில். அவர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதே இப்போது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்ற கணக்கில் வரும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி, தாமதமில்லாமல் அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிப்பது அதன் பிறகு. ஒன்றரை வருஷம் போய்விட்டதால் நீங்களாகத் தூக்கிக்கொண்டு போகாமல், பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், இந்த வாரமே.

பழுது பார்ப்பது தனிக் குற்றம். 5-ம் பிரிவில் தயாரிப்பது, விற்பது, மாற்றுவதோடு 'பழுது பார்ப்பது' என்ற வார்த்தையும் சேர்ந்தே இருக்கிறது. அதற்கென்று லைசென்ஸ் வாங்கியவர் மட்டும்தான் செய்யலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சமே ஏழு வருஷம், மேலே ஆயுள் வரை போகலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம். கடைந்து கொடுத்த லேத்துக்காரரும் உங்களோடுதான் வருவார்.

குடியாத்தம் அண்ணாவுக்கு ஒரு வரி. 2016 ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு மேற்படாத போர், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி, இந்த இரண்டுக்குள் இருக்கும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று கனமான ஸ்பிரிங் போட்டு அந்தக் கோட்டைத் தாண்டிவிடாதீர்கள். மாடியிலிருந்து புறா, கொக்கு என்று குறி வைக்கவும் வேண்டாம். அது வனவிலங்குச் சட்டத்தில் வேறு கதை.

---

அமிர்தி அடிவாரம்:

உண்மையில் பயந்துவிட்டேன் சார். அம்மாவிடம் லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதாம். நாளைக்கே வேலூர் வருகிறேன்.

---

குடியாத்தம்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தோல் பேர்ணாம்பட்டிலேயே கிடைத்தது. கடையில் இரண்டு துண்டு எடுத்துக் காட்டினார்கள், இரண்டும் பழுப்பு. பிளேடால் சீவினேன், ஒன்று உள்ளே நீலம். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "நீங்க லைன்ல இருக்கீங்களா?" என்றார். சொன்னது போலவே காசு வாங்கவில்லை.

என் குழாய் 25 மி.மீ. சொச்சம். காட்பாடியில் ஒரு லேத்துக் கடையில் வளையமும் கட்டையும் கடைந்தேன். முதல் வாஷர் மடிப்பு விழுந்து போனது, டீ குடிக்காமல் நெருக்கியதால். இரண்டாவது நன்றாக வந்தும் எக்ஸ்ரே பிலிமை மறந்து மாட்டி, சிராய் எடுத்துவிட்டது. தாத்தா சொன்ன அதே இடம். மூன்றாவதுக்கு என் மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரே உதவியது. வீட்டில் இன்னும் தெரியாது.

கட்டை விரலால் அடைத்துத் தள்ளியபோது அந்தத் தலையணை உணர்வு வந்தது. கிளாம்ப் எதிர்வீட்டு அக்காவின் தம்பியிடம் இரவல், தச்சு வேலை செய்கிறவர். ஸ்பிரிங் ஒழுங்காக உருண்டது, பழையதையே போட்டேன். ட்ரிகரில் குண்டு இல்லை, சாதாரணக் கொக்கிதான், பிழைத்தேன்.

வேகம் பார்க்க மெஷின் எதுவும் வாங்கவில்லை. போனைப் பேரல் நுனிக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு, 10 மீட்டர் தள்ளி ஒரு தகரத்தைச் சுட்டேன். சுட்ட சத்தத்துக்கும் தகரச் சத்தத்துக்கும் இடைவெளி 0.091 வினாடி. தகரச் சத்தம் திரும்பி வர 0.029 போனால், பெல்லட் போனது 0.062-ல். வினாடிக்கு 161 மீட்டர் வருகிறது. 0.52 கிராம் பெல்லட்டுக்குக் கிட்டத்தட்ட 6.7 ஜூல். வக்கீல் சாரின் 20-ல் மூன்றில் ஒரு பங்குதான், நிம்மதியாகத் தூங்கலாம்.

மகள் ஞாயிறு காலை மாடியில் சுட்டாள். பழைய டிரங்குப் பெட்டிக்குள் கிழிந்த ஜமக்காளத்தைத் திணித்து அதன் முன்னால் தீப்பெட்டிகள். பேரலை விடாதே, சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, ஈயம், என்று நான் கத்திக்கொண்டே இருந்ததில் முதல் ஐந்தும் போனது. ஆறாவது பெட்டி விழுந்தது. நைனா வைக்கிற மாதிரியே படம் போட்ட பக்கம் வெளியே தெரிய அடுக்கியிருந்தாள், அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. பேரல் வந்து மூடும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தேன், பேப்பர் பறக்கிறது. அங்கேயும் ஒரு குட்டித் தோல் வளையம் இருக்கிறது, அதுவும் கல்லாகிவிட்டது. அதே தோலில் வெட்டலாமா, இல்லை வேறு கனமா? தாத்தா, எங்கே இருக்கிறீர்கள்?

---

லேத்து தாத்தா:

இங்கேதான். அதே தோல் போதும். பள்ளத்தைவிட அரை மி.மீ. தூக்கலாக நிற்கும்படி வெட்டு, மூட மூட அமுங்கிக்கொள்ளும். தூக்கல் போதவில்லை என்றால் அடியில் காகித வளையம் ஒன்று வை. மாமியாரிடம் எக்ஸ்ரே விஷயத்தை நீயே சொல்லிவிடு, அடுத்த தடவை டாக்டர் கேட்பார்.